பெண்கள் ஃபைனலை எத்தனை மணிக்கு வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவேரிப்பட்டணத்தான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பாஸ்கெட்பால் கிளப் வைத்திருக்கிறோம். வருடா வருடம் மே மாதம் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு பார்த்துப் போட்டி நடத்துவோம். ஆண்கள் பன்னிரண்டு அணி, பெண்கள் ஆறு அணி, தர்மபுரி, ஓசூர், திருப்பத்தூர், சேலம் வரைக்கும் வருவார்கள். பெரிய போட்டி ஒன்றும் இல்லை, கோப்பையும் சாப்பாடும் பஸ் செலவும் கொடுக்கிற அளவு.

போன வருடம் ஆண்கள் ஃபைனல் இரவு ஏழரைக்கு, லைட் வெளிச்சத்தில். கேலரி நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் காம்பவுண்டு சுவர் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அதே நாள் பெண்கள் ஃபைனல் காலை பதினொன்றரைக்கு. நான் ஸ்கோர் டேபிளில் இருந்தேன், சும்மா எண்ணிப் பார்த்தேன், பார்க்க வந்தவர்கள் பதினான்கு பேர், அதிலும் டீ கொண்டு வந்தவரையும் பந்தல்காரர்கள் மூன்று பேரையும் கழித்தால் பத்து. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த மேட்ச் அது. கடைசி எட்டு விநாடி இருக்கும்போது ஒரு பெண் ரிங் பக்கம் ஓடிவந்து இடது கையால் லே-அப் போட்டு ஜெயித்தாள். மூன்று நாளில் நடந்த மேட்ச்களிலேயே நல்ல மேட்ச் அதுதான் என்று நான் இப்போதும் சொல்வேன். எழுந்து நின்று கை தட்டியது யார் என்றால் தோற்ற அணியின் பி.டி. டீச்சர்.

என் மகள் பத்தாம் வகுப்பு, அவளும் அந்தப் போட்டியில் ஆடினாள். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள், "எங்களுக்கு எப்பப்பா லைட் போடுவீங்க?" நான் பதில் சொல்லாமல் வண்டி ஓட்டினேன்.

இந்த வருட ஃபிக்சர் போட உட்கார்ந்தபோது பெண்கள் ஃபைனலை மாலைக்கு மாற்றலாம் என்றேன். கமிட்டியில் மூன்று பதில் வந்தது. ஒன்று, கூட்டம் வராது, லைட் வாடகை வீண். இரண்டு, இருட்டிய பிறகு பொம்பளைப் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. மூன்று, அவர்களே காலையில்தான் கேட்கிறார்கள். மூன்றாவது உண்மையா என்று எந்த அணியையும் யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம். உங்கள் ஊரில் யாராவது நேரத்தை மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் வந்ததா? இரண்டாவது பிரச்சினையை எப்படிச் சமாளித்தீர்கள்? அதுதான் எனக்கும் பயம்.

விசில் வாத்தியார்

தம்பி, நான் தர்மபுரி. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போதும் கூப்பிட்டால் விசில் எடுத்துக்கொண்டு வருவேன். உங்கள் கமிட்டி "காலை அல்லது இரவு" என்று இரண்டே நேரம் இருப்பதுபோலப் பேசுகிறது. நடுவில் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறது.

கணக்குப் போடுங்கள். நான்கு குவார்ட்டர், பத்துப் பத்து நிமிடம், ஆட்டம் நாற்பது நிமிடம்தான். ஆனால் விசில் அடித்தால் கடிகாரம் நிற்கும், குவார்ட்டருக்கு நடுவில் இரண்டு நிமிடம், பாதி ஆட்டத்தில் விதிப்படி பதினைந்து நிமிடம் (நம் ஊரில் பத்தோடு முடித்துவிடுகிறோம்), டைம்-அவுட், ஃப்ரீ த்ரோ எல்லாம் சேர்ந்தால் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி. மே மாதம் நம் பக்கம் ஆறரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. ஐந்தேகாலுக்கு ஜம்ப் பால் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினால் ஆறே முக்காலுக்குள் கைகுலுக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். கடைசிக் குவார்ட்டருக்கு லைட்டைப் போட்டுவிடுங்கள், உங்கள் மகள் கேட்டதும் கிடைத்துவிடும். லைட் எப்படியும் ஆண்கள் ஃபைனலுக்காக அன்றைக்கு வாடகைக்கு வந்திருக்கிறது, முக்கால் மணி நேரம் முன்னால் எரிந்தால் ஜெனரேட்டருக்குக் கொஞ்சம் டீசல், அவ்வளவுதான். இதையா வீண் என்கிறார்கள்?

ஒன்று கவனியுங்கள், உங்கள் கோர்ட் கிழக்கு மேற்காக இருக்கிறதா, வடக்கு தெற்காகவா? வெளி மைதானத்தில் வடக்கு தெற்காகப் போடுவதுதான் முறை, ஆனால் இடம் இருக்கிற பக்கம் போட்டுவிட்ட கோர்ட்கள் நம் மாவட்டங்களில் நிறைய. கிழக்கு மேற்கு என்றால் ஐந்து மணி வெயில் ஒரு பாஸ்கெட்டைப் பார்த்து எறிகிறவர்களின் கண்ணில் நேராக விழும். அந்தப் பக்கம் போர்டுக்குப் பின்னால் ஒரு பழைய பிளக்ஸை உயரக் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பரிசளிப்பு. பெண்கள் ஆட்டத்தை ஆறே முக்காலுக்கு முடித்துவிட்டு, சிறப்பு விருந்தினர் ஆண்கள் ஃபைனலுக்குத்தான் வருவார், கோப்பையை அவர்தான் கொடுக்க வேண்டும் என்று ஒன்பதரை வரைக்கும் பிள்ளைகளை ஜெர்சியோடு உட்கார வைப்பீர்கள் பாருங்கள், அங்கேதான் பெற்றோருக்குக் கோபம் வரும். நான் பார்த்த ஒரு போட்டியில் விருந்தினர் பத்து மணிக்கு வந்தார், வாங்குவதற்கு அணி இல்லை, கேப்டனின் சித்தப்பா மேடையேறி ஷீல்டு வாங்கினார். இருட்டு பயம் என்று சொல்கிறவர்கள் பெண்கள் கோப்பையை அப்போதே கொடுத்து அனுப்பச் சம்மதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

முன்னாள் பாயிண்ட் கார்டு

சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஐந்தேகால் ஆட்டத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது அண்ணா. நான் தர்மபுரிப் பெண், பள்ளியில் குறுவட்டம், மாவட்டம் என்று ஆரம்பித்துக் கல்லூரி வரை ஆடியவள். காலை வெயிலிலும் ஆடியிருக்கிறேன், ஆண்கள் ஃபைனலுக்கு முந்தின ஆட்டமாகவும் ஆடியிருக்கிறேன். எது மோசம் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும்.

முந்தின ஆட்டம் என்றால் கூட்டம் நம் நாலாவது குவார்ட்டரில்தான் உள்ளே வரும். வருகிறவர்கள் நம்மைப் பார்க்க வரவில்லை, நல்ல இடம் பிடிக்க வருகிறார்கள். நாற்காலி இழுக்கிற சத்தம், அங்கே இங்கே கூப்பிடுகிற சத்தம். எண்ட் லைனுக்குப் பின்னால் ஆண்கள் அணி பந்து தட்டிக்கொண்டு வார்ம்-அப். ஒரு முறை நான் ஃப்ரீ த்ரோ எடுக்க நிற்கிறேன், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம், மைக்கில் "இன்னும் சற்று நேரத்தில் அனைவரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மாபெரும் இறுதிப்போட்டி" என்று அறிவிப்பு. நாங்கள் ஆடிக்கொண்டிருந்ததும் இறுதிப்போட்டிதான். முதல் பந்து ரிங்கில்கூடப் படவில்லை.

அதனால் என் யோசனை, பெண்கள் ஃபைனலை நடுவில் வையுங்கள். ஆண்கள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் மூன்றே முக்காலுக்கு, பிறகு பெண்கள் ஃபைனல், பிறகு ஆண்கள் ஃபைனல். மூன்றாம் இட ஆட்டத்துக்கு வந்தவன் எழுந்து போகமாட்டான், ஃபைனலுக்கு வருகிறவன் சீக்கிரம் வருவான், இரண்டு பக்கமும் நமக்குக் கூட்டம். எங்கள் கல்லூரியில் ஒரே ஒரு வருடம் இப்படி நடந்தது, அதுவும் திட்டம் போட்டு இல்லை, ஓர் ஆண்கள் அணியின் வேன் பஞ்சர் ஆகி நேரம் மாறிப்போனதால். அன்றைக்கு முதல் முறையாக என் பெயரைச் சொல்லி முன்பின் தெரியாதவர்கள் கத்தினார்கள். ஆட்டம் என்னவோ தோற்றுவிட்டோம்.

பிளக்ஸ் யார் அடிக்கிறார்கள்? அதையும் பாருங்கள். ஆண்கள் அணிகளின் படம், முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே ஓரமாக "மற்றும் மகளிர் போட்டிகளும் நடைபெறும்" என்று ஒரு வரி. எந்த நாள், எத்தனை மணி, எந்த ஊர் அணிகள், ஒன்றும் இருக்காது. மணி தெரியாத ஆட்டத்துக்கு யார் வருவார்? கூட்டம் வரவில்லை என்கிறவர்கள், கூப்பிட்டோமா என்று ஒரு தடவை யோசிக்கட்டும்.

அப்புறம் பந்து. பெண்களுக்கு நம்பர் 6. ஆண்கள் பந்து நம்பர் 7, பெரிது, கனமும் அதிகம். இரண்டு போட்டிகளில் எங்களுக்கு 7-ஐத்தான் கொடுத்தார்கள், "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று. பிறகு பெண்கள் ஆட்டத்தில் ஸ்கோரே ஏறவில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

நடுநிலை நாட்டான்

யாரும் கோபப்பட வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். ஏப்ரல் மே என்றால் ஐபிஎல். ஆண்கள் மேட்சுக்கே ஆள் பிடிக்கப் படாத பாடு படுகிறோம். பெண்கள் ஆட்டம் கொஞ்சம் ஸ்லோ, எகிறிப் பந்தை ரிங்குக்குள் அமுக்குகிற டங்க் கிடையாது, சனங்களுக்கு விறுவிறுப்பு வேண்டும். பிடித்தால் பார்க்கப்போகிறார்கள், பிடிக்காததைப் பார் பார் என்று நேரத்தை மாற்றித் திணிக்க முடியுமா? கபடிக்கும் எருது விடும் விழாவுக்கும் யாராவது மணி பார்த்தா போகிறார்கள்? விடியற்காலையிலேயே நிற்கவில்லையா?

விசில் வாத்தியார்

டங்க்கா? தம்பி, இத்தனை வருடத்தில் நம் இரண்டு மாவட்டத்து ஆண்கள் மேட்ச்களில் நான் பார்த்தது மொத்தம் மூன்று டங்க். அதில் ஒன்றில் ரிங் வளைந்து, மீதி ஆட்டத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் ஆடி முடித்தோம்.

ஐபிஎல் பற்றிச் சொன்னீர்களே, அதையே திருப்பிப் பாருங்கள். ராத்திரி மேட்ச் ஏழரைக்குத்தான் ஆரம்பம். சனி ஞாயிறு மதிய மேட்ச் இருந்தால் மூன்றரைக்கு ஆரம்பித்து ஏழு, ஏழேகாலுக்கு முடியும், எல்லா வாரமும் சென்னை மதியம் ஆடப்போவதில்லை. அப்படியானால் இடிக்கப்போவது உங்கள் ஆண்கள் ஃபைனல்தான். ஐந்தேகால் ஆட்டத்துக்குத்தான் ஓரளவு வழி திறந்திருக்கிறது.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

நடுநிலை அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. நேரத்துக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நானும் நினைத்தவன்தான். ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் பார்க்கிற பழக்கம் வந்த பிறகு மாறிவிட்டேன்.

அங்கே இந்தியானா மாநிலத்தில் இதே சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது, நான் சொல்வது நீதிமன்றம். பள்ளி ஆண்கள் ஆட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மறுநாள் பள்ளி இல்லாத வெள்ளி, சனி இரவுகளில், பெண்கள் ஆட்டங்களில் ஏறக்குறையப் பாதிக்குத்தான் அந்த நேரம், மீதி வார நாட்களில். பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை விசாரித்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டது. பார்க்க ஆள் வருவதில்லை, மறுநாள் பள்ளி இருப்பதால் வீட்டுப்பாடம் கெடுகிறது, நாம் இரண்டாம் தரம் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருகிறது, இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை என்றது. 1972-இல் வந்த சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது, கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பது, அதன்கீழ்தான் வழக்கு. மிச்சிகனில் இன்னும் வேடிக்கை, பெண்கள் பாஸ்கெட்பாலை சீசனே மாற்றி இலையுதிர் காலத்தில் வைத்திருந்தார்கள், மற்ற மாநிலங்களில் குளிர்காலத்தில் நடக்கும்போது. வழக்குப் பல வருடம் இழுத்து, 2007-08-இல்தான் அவர்களுக்கும் குளிர்காலம் கிடைத்தது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஃபைனலில் பெண்கள் ஆட்டத்தை டிவியில் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள், ஆண்கள் ஃபைனலை 1 கோடியே 48 லட்சம் பேர். கெய்ட்லின் கிளார்க் என்ற பெண் ஆடியது பெரிய காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆன்டெனா இருந்தாலே தெரிகிற சேனலில் வந்தது. ஆண்கள் ஆட்டம் திங்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல், கேபிளில். ஆள் நல்ல ஆளாக இருக்க வேண்டும், நேரமும் நல்ல நேரமாக இருக்க வேண்டும். காலை பதினொன்றரை மே மாத வெயிலில் கெய்ட்லின் கிளார்க்கே வந்து ஆடினாலும் நம் ஊரில் பத்துப் பேர்தான்.

எருது விடும் விழா விடியற்காலை என்றாலும் கூட்டம் வரும், சரி, ஆனால் அதற்குப் பல தலைமுறைப் பழக்கம் இருக்கிறது. பாஸ்கெட்பாலுக்கு நாம் இப்போதுதான் பழக்குகிறோம்.

இரண்டு பெண்களின் அம்மா, பாலக்கோடு

நான் இதிலெல்லாம் எழுதுவதில்லை, பெரியவள் காட்டினாள், அதனால் எழுதுகிறேன். என் இரண்டு பெண்களும் ஆடுகிறார்கள். ஒரு மேட்ச்கூட நான் பார்த்ததில்லை. மே மாதம் மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, விட்டு வெளியே வர நாலரை ஆகிவிடும். காலை பதினொன்றரை என்றால் என்னைப்போல ஒரு அம்மாவும் வர முடியாது. சாயங்காலம் வைத்தால் வருவேன்.

இருட்டைச் சொல்லி எல்லோரும் எங்களைக் கைகாட்டுகிறீர்கள். எங்களுக்குப் பயம் இருட்டு இல்லை சார். எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் நிச்சயமாகச் சொல்வதில்லை, அதுதான். ஆறு என்பார்கள், எட்டாகும், போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் வருவதற்குக் காசு பிரச்சினை கிடையாது, திரும்பிப்போக அந்த நேரத்துக்குப் பஸ் இருக்க வேண்டுமே. ஏழு மணிக்கு வேன் ஏறும், எந்த டீச்சர் கூட வருவார், அவர் நம்பர் என்ன என்று முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டால் பாதிப் பேர் அனுப்புவோம்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். லைட்டைக் கோர்ட்டுக்கு மட்டும் போடாதீர்கள், பாத்ரூமுக்கும் போடுங்கள். சின்னவள் போன தடவை ஒரு போட்டிக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஆடிவிட்டு வந்து தலைவலியில் படுத்துவிட்டாள்.

முன்னாள் பாயிண்ட் கார்டு

அக்கா, நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் ஆடினோம், யாரும் வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூட்டம் பற்றி இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்டம் வேண்டும் என்றால் எந்தக் கூட்டம் என்றும் பேச வேண்டும். ஜெர்சி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுகிறது, ஷார்ட்ஸைப் பற்றி ஒரு கமெண்ட், உடனே பத்துப் பேர் சிரிப்பு. இதற்குப் பயந்தே எங்கள் செட்டில் இரண்டு பேர் கூட்டம் இல்லாத காலை ஆட்டமே பரவாயில்லை என்றார்கள். கமிட்டியின் மூன்றாவது பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கலாம், காரணம் இது.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து நடந்தால் பெண்கள் விடிய விடிய பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். என் அம்மா, பெரியம்மா, பாட்டி எல்லோரும். யாரும் இருட்டு என்று சொன்னதில்லை. ஏனென்றால் அங்கே ஒரு பக்கம் முழுக்கப் பெண்கள், ஊரே அங்கே இருக்கிறது. அதுபோல அணிகளின் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிற கேலரியைப் பெண்களுக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் ஒதுக்குங்கள். சுயஉதவிக் குழு அக்காக்களை நேரில் போய்க் கூப்பிடுங்கள், வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் வரமாட்டார்கள். மைக்கில் ஒழுங்கான ஆளைப் போடுங்கள். கமெண்ட் அடிக்கிறவனை முதல் தடவையே எழுப்பி வெளியே அனுப்புங்கள், இரண்டாவது தடவைக்குத் தேவை இருக்காது.

மைக் ஆள் பெண்களின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொல்ல வேண்டும். நம் பையன்களுக்கு லெப்ரான் ஜேம்ஸ் தெரியும். சென்னையிலிருந்து போய் இந்திய அணிக்கே கேப்டனாகி 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரை யார் என்று கேட்டால் முழிப்பார்கள். இடைவேளையில் சினிமாப் பாட்டு போடுகிற நேரத்தில் இதைச் சொல்லலாமே.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்

அக்கா சொன்ன பெண்கள் பக்கம் யோசனைக்கு முன்னோடி இருக்கிறது. 1896 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஆடியதுதான் இரண்டு கல்லூரிப் பெண்கள் அணிகள் மோதிய முதல் ஆட்டம் என்பார்கள். ஆண்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை. நூற்றுக்கணக்கில் பெண்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்கோர் 2-1. இரண்டுக்கு ஒன்று! நடுநிலை அண்ணா அன்றைக்கு இருந்தால் ஸ்லோ என்று எழுந்து போயிருப்பார், ஆனால் அவரைத்தான் உள்ளேயே விட்டிருக்கமாட்டார்களே.

நடுநிலை நாட்டான்

சரி சரி, நடுவில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரே வருடத்தில் கூட்டம் கொட்டும் என்று நினைத்து அடுத்த வருடம் கைவிட்டுவிடாதீர்கள். எங்கள் ஊரில் வாலிபாலுக்கே நாலு வருடம் ஆனது.

காவேரிப்பட்டணத்தான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கமிட்டி. வாத்தியார் சார் சொன்னபடி முதலில் பரிசளிப்பைத்தான் எடுத்தேன். "விருந்தினர் கோபித்துக்கொள்வார்" என்று அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் பெண்கள் கோப்பையை ஒரு பழைய வீராங்கனை கையால் உடனே கொடுத்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஞாயிறு 3.45 ஆண்கள் மூன்றாம் இடம், 5.15 பெண்கள் ஃபைனல், 7.15 ஆண்கள் ஃபைனல். எங்கள் கோர்ட் கிழக்கு மேற்குதான், பிளக்ஸ் கட்டுகிறோம். நம்பர் 6 பந்து இரண்டு வாங்கியாயிற்று. பாத்ரூமுக்கு லைட், தாழ்ப்பாள், வாசலில் ஒரு டீச்சர். பாலக்கோட்டு அக்கா, உங்கள் அணி டீச்சரின் நம்பரோடு முந்தின நாள் மெசேஜ் வரும், அது என் பொறுப்பு.

வேன்தான் இழுக்கிறது. வெளியூர் அணி நான்கு, பணம் இரண்டு வேனுக்குத்தான் இருக்கிறது. ஆண்கள் முதல் பரிசில் கொஞ்சம் குறைக்கலாம் என்றேன், அதற்கு யாரும் பதில் பேசவில்லை, டீ குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அடுத்த வாரம் மறுபடி உட்காருகிறோம்.

அந்தப் பழைய வீராங்கனை நீங்களாக இருக்க முடியுமா மேடம்?

முன்னாள் பாயிண்ட் கார்டு

வருகிறேன் அண்ணா, ஆனால் நாலரைக்கே வந்து கேலரியில் உட்காருவேன், மேடையில் நாற்காலி வேண்டாம். அம்மாவையும் கூட்டி வருகிறேன். அவர் என் மேட்ச் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. பிளக்ஸ் அச்சுக்குப் போகும் முன் எனக்கு ஒரு தடவை அனுப்புங்கள், அந்த "மற்றும்" இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.